மருதப்பன் போட்ட அரிசி

மருதப்பனுக்கு இங்கிலீஷில் தன் பெயரைக்கூட எழுதத் தெரியாது. ஆனால் விரலை மடக்கும் நரம்பு கழுத்திலிருந்து எந்த வழியாக இறங்குகிறது, எந்தத் தசைக்கு அடியில் பதுங்குகிறது, மணிக்கட்டில் எங்கே மறுபடி தலைகாட்டுகிறது என்று கேட்டால், கத்தியை எடுத்து ஐந்து நிமிடத்தில் பிரித்துக் காட்டிவிடுவார். சிங்கப்பூரில் 1949 முதல் 1966 வரை டாக்டருக்குப் படித்தவர்களில் பாதிப் பேருக்கு மனித உடம்பு எப்படி இருக்கும் என்று முதலில் காட்டியது அந்தக் கைதான். சம்பளப் பட்டியலில் அவருக்குப் பெயர் அட்டெண்டன்ட். தரை கழுவுகிறவருக்கும் அதே பெயர்தான்.

ஊரில் அவர்கள் முடிதிருத்தும் குடும்பம். முடி வெட்டுவதும் சவரம் செய்வதும் மட்டும் அல்ல, கட்டி கீறுவது, முள் எடுப்பது எல்லாம் அவர்கள் வீட்டு வேலை. சாவு விழுந்தாலும் அவர்கள்தான் முன்னால் நிற்க வேண்டும். பிணத்துக்குச் சவரம் செய்து, உறவுக்காரர்களை வரிசையாக நிறுத்தி, பிணத்தின் வாயில் அரிசி போட வைத்து, சங்கூதி, சுடுகாடு வரைக்கும் கூடவே போவது அவர்கள் கடமை. செய்து முடித்தபின் அதே ஊர் அவர்களைத் தொடாமல் தள்ளி நிற்கும். இந்தச் சங்கடம் வேண்டாம் என்றுதான் மருதப்பன் 1937இல் தம்பி மாணிக்கத்தையும் இழுத்துக்கொண்டு கப்பலேறினார். சிராங்கூன் ரோட்டை ஒட்டிய சந்து ஒன்றில் இரண்டு நாற்காலி போட்ட கடையில் அண்ணனும் தம்பியும் கத்தி பிடித்தார்கள். ஐந்து வருடம் நன்றாகத்தான் போயிற்று.

பிறகு ஜப்பான்காரன் வந்தான். 1943இல் ஒரு காலையில் கடைக்குள் புகுந்து இருவரையும் லாரியில் ஏற்றினார்கள். சயாமில் ரயில் பாதை போடுகிறார்கள், மூன்று மாத வேலை, நல்ல சாப்பாடு என்று சொன்னார்கள். எத்தனையோ பேரை ஏமாற்றிய பேச்சுதான் அது. போன இடத்தில் மூங்கில் கீறினாலே போதும், அந்தக் கீறல் அழுகி, எலும்பு தெரிகிற அளவுக்குப் புண்ணாகிவிடும். முகாமுக்கு ஒரு வெள்ளைக்கார டாக்டரை அனுப்பினார்கள். அவரும் கைதிதான். பெரிபெரி நோயில் அவருடைய கைகள் பன் ரொட்டி மாதிரி வீங்கிக் கிடந்தன. கூட்டத்தில் கத்தி பிடிக்கத் தெரிந்தவன் யார் என்று கேட்டார். மருதப்பன் சவரக்கத்தியைக் காட்டினார்.

அன்றிலிருந்து டாக்டர் வாய், மருதப்பன் கை. கரண்டியின் ஓரத்தைக் கல்லில் தீட்டி அழுகிய சதையைச் சுரண்டுவார். சுரண்டியும் ஆறாத காலை முழங்காலுக்குக் கீழே அறுத்து எடுப்பார். மயக்க மருந்து கிடையாது. நான்கு பேர் பிடித்துக்கொள்வார்கள். டாக்டர் குச்சியால் தொட்டு, இது ரத்தக்குழாய், முதலில் இதைக் கட்டு, இது நரம்பு, இதை இழுத்து உயரத்தில் வெட்டு என்று சைகையிலும் மலாயிலும் சொல்லுவார். பதினொரு கால்களை எடுத்தார் மருதப்பன். நான்கு பேர் பிழைத்தார்கள். பதினொன்றில் ஒன்று மாணிக்கத்தின் கால். பிழைத்த நான்கில் அவன் இல்லை.

தம்பி செத்த அன்று முகாமில் அரிசி இல்லை. மழையில் பாலம் போய், ஆறு நாளாக யாருக்கும் அரிசி இல்லை. ஊர்ப் பிணங்களுக்கெல்லாம் வாய்க்கரிசி போட வைத்த குடும்பத்துப் பிள்ளை, வாயில் ஒரு மணி இல்லாமல் குழிக்குள் போனான். மருதப்பன் முகாமெல்லாம் கெஞ்சிப் பார்த்தார். கடைசியில் மூங்கில் இலையைக் கிள்ளிப் போட்டுவிட்டு மண்ணைத் தள்ளினார். அதை அவர் யாரிடமும் சொன்னது இல்லை.

சண்டை முடிந்து திரும்பியவர் மறுபடி சவரக்கடைக்குப் போகவில்லை. உயிருள்ளவன் கழுத்தில் கத்தி வைக்கக் கை நடுங்கியது. மருத்துவக் கல்லூரி ஒன்றில் பிணத்தைக் கையாள ஆள் தேடுகிறார்கள், யாரும் போக மாட்டேன் என்கிறார்கள் என்று கேள்விப்பட்டுப் போய் நின்றார். அங்கே கை நடுங்கவில்லை. அதுவே அவருக்குத் துக்கமாக இருந்தது.

வேலை இதுதான். ஆஸ்பத்திரிகளிலும் முதியோர் விடுதிகளிலும் சாகிறவர்களில் தேடிவர ஆளில்லாதவர்களைக் கல்லூரிக்கு அனுப்புவார்கள். மருதப்பன் உடம்பைக் கழுவுவார். ஆணாக இருந்தால் தலையையும் முகத்தையும் மழிப்பார். தொடையில் ஒரு ரத்தக்குழாயைத் திறந்து, உடம்பு கெடாமலிருக்க ஃபார்மலின் மருந்தை ஏற்றுவார். பிறகு தொட்டியில் இறக்கி மூடுவார். ரிக்‌ஷா இழுத்த சீனக் கிழவர்கள், கப்பல்துறையில் மூட்டை தூக்கிய நம் ஆட்கள், எந்த ஊர் என்றே தெரியாதவர்கள் எல்லோரும் அந்தத் தொட்டியில் ஒன்றாகக் கிடப்பார்கள். கல்லூரி தொடங்கியதும் ஒவ்வொருவராக மேஜைக்கு வருவார்கள். வருடம் முடிந்து மிச்சம் இருப்பதைப் பெட்டியில் போட்டு சுவா சூ காங் பக்கம் கொண்டுபோய்ப் புதைப்பார்கள்.

ஃபேரர் பார்க் பக்கம் அவர் தங்கியிருந்த வீட்டில் எட்டு அறைகள், அறைக்கு ஒரு குடும்பம். ஆஸ்பத்திரி வேலை என்று மட்டும் சொல்லிவைத்திருந்தார். சொல்லி என்ன? ஃபார்மலின் வாடை சொல்லாமல் விடுமா? எவ்வளவு சோப்புப் போட்டாலும் நகக்கண்ணில் நின்றது. கோப்பிக்கடையில் அவர் உட்கார்ந்தால் எதிரே இருப்பவர் கோப்பியை வேகமாகக் குடித்துவிட்டு எழுந்துகொள்வார். கப்பலேறி வந்தும் அந்தத் தள்ளி நிற்றல் அவரை விடவில்லை. பெண் கொடுக்க ஒருவரும் வரவில்லை. நாற்பது வயதுக்குப் பிறகு அவரும் அந்த நினைப்பை விட்டுவிட்டார்.

அரிசி போடும் பழக்கம் வேலைக்குச் சேர்ந்த முதல் வாரத்திலேயே தொடங்கிவிட்டது. தொட்டியில் இறக்குவதற்கு முன், சட்டைப்பையில் வைத்திருக்கும் பொட்டலத்தைப் பிரித்து, மூன்று சிட்டிகைப் பச்சரிசியை வாயில் போட்டு, தாடையைத் துணியால் கட்டுவார். சீனரா, தமிழரா, எந்தச் சாமியைக் கும்பிட்டவர் என்றெல்லாம் பார்க்க மாட்டார். சாகிறவன் வெறும் வாயோடு போகக் கூடாது, அவ்வளவுதான் அவருக்குத் தெரிந்த மதம். இதில் தப்பு வரும் என்று அவருக்குத் தோன்றவே இல்லை. பிறந்ததிலிருந்து பார்த்த ஒன்றைத் தப்பு என்று யார்தான் யோசிப்பார்கள்?

கண்டுபிடித்தவர் டாக்டர் அற்புதராஜ். மாதா கோயிலுக்கு ஞாயிறு தவறாத கத்தோலிக்கர், உடற்கூறு பாடம் நடத்தும் விரிவுரையாளர். நாக்கு நன்றாக ஓடும், கத்திதான் ஓடாது. அவர் மேடையில் புத்தகத்தை வாசிக்க வாசிக்க, கீழே மருதப்பன் அறுத்துக் காட்டுவார். வாசிப்பும் அறுப்பும் ஒத்துப்போகாத இடத்தில் மருதப்பன் மெல்லச் செருமுவார். டாக்டர் பக்கத்தைத் திருப்பிக்கொள்வார். ஐந்து வருடம் இப்படிப் போனபின் அற்புதராஜ் ஒரு புத்தகம் போட்டார். அதில் உள்ள நாற்பத்திரண்டு படங்களும் மருதப்பன் பிரித்துவைத்ததைப் பார்த்து வரைந்தவை. முன்னுரையில் பேராசிரியருக்கு நன்றி, படம் வரைந்தவருக்கு நன்றி, மனைவி ஜோசபினுக்கு நன்றி. மருதப்பனுக்கு ஒரு பிரதி கிடைத்தது. அவர் அதைச் செய்தித்தாளில் சுற்றிப் பெட்டிக்குள் வைத்துக்கொண்டார். படிக்கத்தான் தெரியாது, படம் தெரியுமே. ஒவ்வொரு கையையும் யாருடைய கை என்று அடையாளம் சொல்லுவார்.

அந்த டாக்டர் ஒருநாள் தொண்டையைப் பிரித்துக் காட்டும்போது அரிசியைப் பார்த்துவிட்டார். மாணவர்கள் போனபின் மருதப்பனைக் கூப்பிட்டார்.

"என்ன மருதப்பா இது?"

"வாய்க்கரிசிங்கய்யா."

"எல்லாருக்குமா?"

"எல்லாருக்குந்தான்."

அற்புதராஜ் மூக்கைத் தேய்த்துக்கொண்டார். "பரீட்சைக்கு எடுக்கிற தொண்டையில மட்டும் போடாத லா," என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். மருதப்பன் இல்லாமல் அவருக்கு ஒரு பாடமும் நடக்காது. அதனால்தான் அன்று அவருக்கு அவ்வளவு பெரிய மனது.

1959 ஆகஸ்டில் ஒரு கிழவியின் உடல் வந்தது. கூட வந்த காகிதத்தை அற்புதராஜ் படித்துச் சொன்னார். இந்தியப் பெண், வயது அறுபது இருக்கலாம், பெயர் தெரியாது. பஸ் நிறுத்தத்தில் மயங்கி விழுந்தவள். ஒரு பக்கம் இழுத்துக்கொண்டுவிட்டது, பேச்சு இல்லை. தொண்டையும் செயலற்றுப் போனதால் எட்டு நாளும் வாய் வழியாக ஒன்றும் இறங்கவில்லை. ஊசி வழியாக உப்புத் தண்ணீர் ஏற்றியிருக்கிறார்கள். எட்டாம் நாள் முடிந்துவிட்டது.

ஆஸ்பத்திரித் துணியில் சுற்றித்தான் வந்திருந்தாள். மருதப்பன் கழுவும்போது வயிறு முதுகோடு ஒட்டியிருந்தது. காதைப் பார்த்தார். மடலின் ஓரம் முழுக்க வரிசையாகத் துளை. ஒரு காதில் ஏழு, மற்றதில் ஏழு. தெற்குச் சீமைப் பெண்கள் காது நிறையப் போட்டுக்கொள்வார்கள் என்று கேள்விப்பட்டிருந்தார். திருநெல்வேலிப் பக்கத்து ஆத்தா போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டார். காது நிறைய வளையம் போடும் இன்னொரு கூட்டமும் அவர் முன்பு கத்தி பிடித்த அதே சந்தில் இருந்தது, தினம் பார்த்த காதுகள்தான். உடம்புக்குள் ஓடும் நூல் போன்ற நரம்பையெல்லாம் தெரிந்துவைத்திருந்த மனிதருக்கு, வெளியே இருக்கும் காது சொன்னது புரியவில்லை. எட்டு நாள் பட்டினி கிடந்த ஆத்தா என்ற ஒன்றுதான் மனசில் நின்றது. மூன்று சிட்டிகைக்கு மேலேயே போட்டார். தலையைச் சீவிப் பின்னினார். தாடையைக் கட்டித் தொட்டியில் இறக்கினார்.

பத்து வாரம் கழித்து யாக்கூப் வந்தான். வயது இருபத்தெட்டு. கப்பலில் எஞ்சின் அறை வேலை. ஊரூராகச் சுற்றித் திரும்பினால் வீடு பூட்டிக் கிடந்தது. ஜொகூரில் உள்ள சொந்தக்காரர் வீட்டுக்குப் போயிருப்பார்கள் என்று அக்கம்பக்கத்தார் சும்மா இருந்துவிட்டார்கள். ஜொகூருக்கு ஓடினான். அங்கே இல்லை. போலீஸ், ஆஸ்பத்திரி என்று ஏறி இறங்கினான். ஒரு ஆஸ்பத்திரியின் சாமான் அறையில் பெயர் தெரியாதவர்களின் பொருட்களைக் காட்டினார்கள். ஒரு உறைக்குள் சாவி. அதைக் கொண்டுபோய் வீட்டுப் பூட்டில் போட்டான். திறந்தது. வாசலிலேயே உட்கார்ந்துவிட்டான் என்று பிறகு சொன்னார்கள்.

நல்லவேளை, அவள் இன்னும் மேஜைக்கு வரவில்லை. கல்லூரி மறுபேச்சுப் பேசாமல் உடலைத் தருவதாகச் சொன்னது. மருதப்பன்தான் தொட்டியிலிருந்து தூக்கினார், தண்ணீரில் அலசினார், வெள்ளைத் துணி போர்த்தினார். வெளியே நின்ற யாக்கூப், "எங்க உம்மா பேரு ஆமினா பீவி," என்று எழுத்தரிடம் சொல்லிக்கொண்டிருந்தான். மருதப்பனின் கை துணியிலேயே நின்றுவிட்டது. வாயைத் திறந்து அரிசியை எடுத்துவிடலாம். ஆனால் மருந்தில் ஊறிய தாடை இறுகிப்போயிருந்தது, அதைப் பிரிக்க வேண்டுமானால் தசையை அறுக்க வேண்டும். பெற்ற பிள்ளை பத்தடி தள்ளி நிற்கும்போது கத்தி வைக்க அவருக்கு மனம் வரவில்லை. அப்படியே அனுப்பிவைத்தார்.

யாக்கூப் வீட்டில் மய்யித்தைக் குளிப்பாட்டியவள் அதே வீட்டுக் கீழ்த்தளத்தில் இருந்த ஜைனப். அந்தப் பேட்டையில் எந்தப் பெண் மவுத்தானாலும் அவளைத்தான் கூப்பிடுவார்கள். மறுநாள் காலை யாக்கூப் கல்லூரிக்குத் திரும்ப வந்து நின்றான். அழுது அழுது முகம் ஊதியிருந்தது. டாக்டர் அற்புதராஜ் அறையில் மருதப்பனும் இருந்தார், ஏதோ எலும்பைத் துடைத்துக்கொண்டு.

"டாக்டர், ஒண்ணு கேக்கணும். குளிப்பாட்டுறப்ப உம்மா பல்லுக்கும் கன்னத்துக்கும் நடுவுல அரிசி இருந்துச்சாம். சொன்னாங்க. அது என்ன டாக்டர்?"

அற்புதராஜ் மருதப்பனைப் பார்த்தார். மருதப்பன் எலும்பைப் பார்த்தார். இந்து முறைச் சடங்கைக் கல்லூரியில் ஒருவன் முஸ்லிம் பெண்ணுக்குச் செய்துவிட்டான் என்று வெளியே போனால் விசாரணை வரும், பத்திரிகைக்காரன் வருவான், மருதப்பனின் வேலை போகும், அடுத்த வாரப் பாடம் நின்றுபோகும். இதையெல்லாம் நினைத்துப் பார்க்க டாக்டருக்கு எவ்வளவு நேரம் பிடித்ததோ, இரண்டு மூச்சு இருக்கும்.

"அது அவங்க கடைசியாச் சாப்பிட்ட சோறு தம்பி," என்றார். "வார்டுல குடுத்திருப்பாங்க. முழுங்குறதுக்குள்ள உயிர் போயிருக்கும். மருந்துல கெடந்ததுல அப்படியே கெட்டியாயிடுச்சு."

யாக்கூப் நாற்காலியைப் பிடித்துக்கொண்டான். "சாப்பிட்டாங்களா? நெசமாவா டாக்டர்?"

"பின்ன? சாப்பிட்டுக்கிட்டே போயிட்டாங்க."

அவன் இரண்டு கையையும் ஏந்தி முகத்தில் தடவிக்கொண்டான். "அல்ஹம்துலில்லாஹ்," என்றான். அழுதான், ஆனால் வந்தபோது அழுத அழுகை இல்லை அது. அவன் போனபின் அற்புதராஜ், "இனிமே அந்தப் பொட்டலம் இந்தக் கட்டடத்துக்குள்ள வரக் கூடாது," என்று மட்டும் சொன்னார்.

அன்று முழுவதும் மருதப்பனால் சோற்றைத் தொட முடியவில்லை. வேலை தப்பியது என்று சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். அவருக்கோ அந்தப் பையனை ஏமாற்றிவிட்டதாகவே இருந்தது. ஒருவன் தாயின் வாயில் கேட்காமல் கை வைத்தாயிற்று. அதற்குமேல் பொய்யும் சொல்லியாயிற்று, தான் சொல்லாவிட்டாலும் பக்கத்தில் நின்றாயிற்று. போய்ச் சொல்லிவிட வேண்டும், அடித்தால் வாங்கிக்கொள்ள வேண்டும், வேலை போனால் போகட்டும் என்று முடிவு செய்தார். இருபது வருடத்தில் ஒரு விஷயத்தையாவது வாய்விட்டுச் சொன்னால் நெஞ்சு கொஞ்சம் லேசாகும் என்று அவருக்கு உள்ளூர ஆசையும் இருந்தது.

மூன்றாம் நாள் ஃபாத்திஹா ஓதி முடிந்த பிற்பகலில் போனார். கூடத்தில் பாயில் பத்துப் பேர் இருந்தார்கள். யாக்கூப் அவரை அடையாளம் கண்டு எழுந்து வந்தான்.

"வாங்கண்ணே. இவங்கதான், உம்மாவ இத்தன நாள் பத்திரமா வச்சிருந்தவங்க," என்று எல்லோருக்கும் சொன்னான். தலையைப் பின்னிவிட்டிருந்ததைக் கூட ஜைனப் அக்கா சொன்னார்களாம். மருதப்பனை உட்காரவைத்து, விட்ட இடத்திலிருந்து பேச்சைத் தொடர்ந்தான்.

"ஜப்பான்காரன் காலத்துல எனக்கு பன்னெண்டு வயசு. மரவள்ளிக்கெழங்க எனக்குக் குடுத்துட்டு, நான் முன்னாடியே சாப்ட்டேன்னு சொல்லுவாங்க. ஒருநாளும் சாப்ட்டது இல்ல, எனக்குத் தெரியும். நான் கப்பல்ல இருக்கறப்பல்லாம் ஒரே கெனா. உம்மா காலிச் சட்டிய வச்சிக்கிட்டு உக்காந்திருக்கும். ஆஸ்பத்திரில அநாதையாக் கெடந்தாங்கன்னு கேட்டப்ப, பட்டினியாத்தான் போயிருப்பாங்கன்னு நெனச்சேன். இல்ல. சோறு வாயில இருக்கறப்பவே போயிருக்காங்க. டாக்டரே சொல்லிட்டாரு. எனக்கு அது போதும்."

பத்துப் பேரும் தலையாட்டினார்கள். மருதப்பன் கணக்குப் போட்டுப் பார்த்தார். அரிசி போட்டது நான் என்று சொன்னால் அது மட்டும் சொன்னதாக ஆகாது. அப்படியானால் சோறு இல்லையா என்று அடுத்த கேள்வி வரும். எட்டு நாள் ஒன்றும் இறங்கவில்லை என்று பதில் சொல்ல வேண்டும். அது அதுவரை அவருக்கு உறைக்கவே இல்லை. ஆனாலும் வந்த வேகம் விடவில்லை. "தம்பி, நான் ஒண்ணு..." என்று தொடங்கினார்.

"டீ ஆறுது, குடிங்க," என்று ஒரு பெண் குரல் வெட்டியது. ஐம்பது வயது இருக்கும், முக்காட்டைக் காதுக்குப் பின்னால் செருகியிருந்தாள். காது மடல் நிறைய வளையம். கோப்பையை அவர் கையில் திணித்துவிட்டு நின்றாள். மருதப்பன் குடித்தார், எழுந்தார், விடைபெற்றுக்கொண்டு படியிறங்கினார். கீழே அவள் காத்திருந்தாள்.

"நான்தான் ஜைனப். எனக்குச் சோத்துக்கும் பச்சரிசிக்கும் வித்தியாசம் தெரியாதா? விரல விட்டு ஒவ்வொண்ணா எடுத்தவ நான். யாரு போட்டது, நீங்களா?"

"நான்தாம்மா. தெரியாமப் பண்ணிட்டேன்."

"பண்ணிட்டீங்க. எங்க பொம்பள வாயில உங்க சடங்கு. எனக்கு வயிறு எரியுது. உங்க முகத்தப் பாக்கவே எனக்குப் புடிக்கல." அவள் குரலைத் தாழ்த்தினாள். "ஆனா மேல போய் அவன்கிட்ட ஒரு வார்த்த சொன்னீங்க, அப்புறம் நடக்குறது வேற. சொல்லிட்டு நீங்க பாட்டுக்கு லேசாப் போயிடுவீங்க. அவன் என்ன பண்ணுவான்? திரும்பவும் அந்தக் காலிச் சட்டியக் கனவு காணணுமா?"

மருதப்பன் செருப்பை மாட்டிக்கொண்டார்.

"நீங்க பண்ணதுக்கு நீங்களே வச்சிக்கிட்டுக் கெடங்க," என்று சொல்லிவிட்டு அவள் கதவைச் சாத்திக்கொண்டாள்.

அதன்பின் அரிசிப் பொட்டலம் நின்றது. டாக்டர் தடுத்ததால் மட்டும் நின்றது என்று சொல்ல முடியாது. தாடையைக் கட்டப் போகும்போதெல்லாம் இது யார், இவருக்கு என்ன வேண்டும் என்று ஒரு கேள்வி வந்து கையைப் பிடித்தது. பத்து வருடம் வராத கேள்வி. காகிதத்தில் எழுதியிருப்பது ஆண் அல்லது பெண், இவ்வளவு வயது, பெயர் தெரியாது என்பதுதான். அதை வைத்துக்கொண்டு யாருக்கு என்ன செய்வது? எதுவும் செய்யாமல் தொட்டியில் இறக்கினார். ஒவ்வொரு முறையும் மாணிக்கத்தைக் குழிக்குள் தள்ளுவது போலவே இருந்தது. யாக்கூப்பைத் தெருவில் பார்த்தால் சந்துக்குள் திரும்பிவிடுவார். இருமல் பிடித்துக்கொண்டது. இத்தனை வருடம் முகர்ந்த மருந்து மார்புக்குள் தங்கிவிட்டது என்று கல்லூரி டாக்டர் ஒருவர் சொன்னார். 1966இல் வேலையிலிருந்து நின்றுகொள்ளச் சொன்னார்கள். டெக்னீஷியன் பதவி கடைசிவரை வரவில்லை, அதற்குச் சான்றிதழ் வேண்டுமாம். அற்புதராஜின் புத்தகம் அப்போது மூன்றாம் பதிப்பு.

அந்த வருடம்தான் யாக்கூப்புக்கு குவீன்ஸ்டவுனில் ஃபிளாட் கிடைத்தது. ஒன்பதாவது மாடி. கல்யாணமாகி, கப்பலை விட்டு, தொழிற்சாலை ஒன்றில் ஃபோர்மேனாக இருந்தான். வீடு புகும் நாளுக்கு மருதப்பனைத் தேடிப் பிடித்து, வந்தே ஆக வேண்டும் என்று கையைப் பிடித்தான். ஏழு வருடமாக ஒளிந்தும் அன்று தப்ப முடியவில்லை. போனார். எல்லோரும் போய்க் கொஞ்சம் ஓய்ந்த மாலையில் யாக்கூப் அவரை வெளியே நடைபாதைக்கு அழைத்து வந்தான். இருவரும் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். கீழே பஸ் சின்னதாகப் போனது.

"அண்ணே, ரொம்ப நாளா ஒண்ணு கேக்கணும்னு இருந்தேன். டாக்டருகிட்ட கேக்கக் கூச்சமா இருந்துச்சு. நீங்கதானே உம்மாவக் கழுவுனது. சோத்தோட என்ன இருந்துச்சு? வெறுஞ்சோறா, இல்ல கூட ஏதாச்சும் வச்சாங்களா?"

மருதப்பன் அவன் முகத்தைப் பார்த்தார். நாற்பதை நோக்கிப் போகும் மனிதன், பன்னிரண்டு வயசுப் பையன் மாதிரி நின்றுகொண்டிருந்தான். இன்னொரு முறை மௌனமாக இருந்துவிடலாம். ஆனால் மௌனம் இந்தக் கேள்விக்கு வெறுஞ்சோறு என்ற பதிலாகிவிடும்.

"மீனு தம்பி," என்றார். அவர் வாயால் சொன்ன முதல் பொய் அது. "சோறும் மீனும்."

யாக்கூப்பின் கண் நிறைந்தது. "மீனுன்னா அவங்களுக்கு உசுரு. முள்ளு கிள்ளு இருந்துச்சா?"

"இல்ல. முள்ளு ஒண்ணுகூட இல்ல."

"அப்ப யாரோ முள்ளெடுத்து ஊட்டியிருக்காங்கண்ணே!" அவன் மருதப்பனின் தோளைப் பிடித்தான். "ஒரு கை வெளங்காம கெடந்தவங்க, தானா எப்படி முள்ளெடுப்பாங்க? வார்டுல யாரோ ஒரு மகராசி பக்கத்துல உக்காந்து ஊட்டியிருக்கா. இத்தன வருஷம் எனக்கு இது தோணலியே. யாரு அது? உங்களுக்குத் தெரியுமா? நாளைக்கே போய்ப் பாக்குறேன், புது வீட்டுக்குக் கூட்டியாறேன்."

இருமல் வந்தது. அது அடங்கும்வரை மருதப்பன் சுவரைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

"அந்தம்மா இப்ப இல்ல தம்பி. போயிட்டாங்க."

"எப்ப?"

"மூணு வருஷம் ஆச்சு."

யாக்கூப் தலையைக் குனிந்துகொண்டான். "ரொம்ப லேட்டாக் கேட்டுட்டேன். அவங்க பேராவது சொல்லுங்க. தெனம் உம்மாவுக்கு துஆ கேக்குறப்ப அவங்களுக்கும் சேத்துக் கேக்குறேன்."

பெயரில்லாத முந்நூறு பேரை மருதப்பன் அந்தத் தொட்டியில் இறக்கியிருக்கிறார். அவர்களில் ஒருவருக்கும் அவரால் பெயர் கொடுக்க முடிந்ததில்லை.

"மங்களம்," என்றார்.

யாக்கூப் அந்தப் பெயரை இரண்டு முறை சொல்லிப் பார்த்துக்கொண்டு, மனைவியிடம் சொல்ல உள்ளே ஓடினான். மருதப்பன் லிஃப்டுக்குக் காத்திராமல் ஒன்பது மாடியையும் படியிலேயே இறங்கினார்.